பிராசஸர் புதுசு, பயாஸ் பழசு

சேலையூர் கேம்ப் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நான், அடுத்து வரப்போகும் பிராசஸரைப் பற்றிப் பேசுவதில் பெரிய கெட்டிக்காரி. எத்தனை கோர், எந்த சிப்செட் என்று, வெளிவராத சரக்குக்கே விளக்கம் கொடுப்பேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பம்மலில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஷாகுல், தன் சிஸ்டம் அடிக்கடி நின்றுவிடுகிறது, புதிதாக ஒன்று வேண்டும் என்று வந்தார்.

"இப்ப வாங்காதீங்க தம்பி. புது சிப் வருது. உங்க வேலை பாதி நேரத்துல முடிஞ்சிடும்" என்றேன்.

அவர் நம்பிக் காத்திருந்தார். நானும் சும்மா இருக்கவில்லை. கடையில் இருந்த பழைய மாடல் பிராசஸர் சிப்களை இனி யாரும் தொட மாட்டார்கள் என்று ஒன்று விடாமல் டீலருக்கே திருப்பி அனுப்பினேன்.

புது சிப் வந்த வாரம் ஷாகுலின் சிஸ்டம் அடியோடு படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிசப்ஷனில், அவர் பாதி எடிட் செய்திருந்த படத்தை முடித்துத் திரையில் போட வேண்டும். அவருக்குக் கிடைத்த முதல் பெரிய மண்டப வேலை. வெள்ளிக்கிழமை காலை, கடையில் இருந்த மதர்போர்டில் புது சிப்பை மாட்டி, அவர் எதிரிலேயே பெருமையாக ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. டிஸ்பிளே வரவில்லை.

ராம் மாற்றினேன். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மாற்றினேன். மானிட்டர் கேபிளைத் திட்டினேன். கடைசியில் சிப்பே டேமேஜ் என்று தீர்ப்புச் சொன்னேன். ஷாகுல் தயங்கித் தயங்கி போனை நீட்டினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் நீங்க வெச்ச ஸ்டேட்டஸ். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேன்."

'புது சிப் வாங்குவோர் கவனத்துக்கு: போர்டில் பயாஸ் பழசாக இருந்தால் டிஸ்பிளே வராது.' கீழே என் கடைப் பெயர். பக்கத்தில் சிரித்தபடி நான்.

பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். அதை அப்டேட் செய்தால்தான் போர்டுக்குப் புது சிப்பை அடையாளம் தெரியும். அந்த அப்டேட்டைச் செய்ய, போர்டுக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய சிப் ஒன்றை மாட்டியாக வேண்டும். அதைத்தான் நான் மூட்டை கட்டி அனுப்பியிருந்தேன்.

அப்படி ஒரு பழைய சிப் இரும்புலியூரில் தனபால் அண்ணனிடம் இருக்கும். செகண்ட் ஹேண்ட் சரக்கு விற்கும் அவர் கடையை மியூசியம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அது அவர் காதுக்கும் போயிருந்தது.

"இன்னாம்மா, மியூசியம் பாக்க வந்தியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கீது. எடுத்துக்கினு போ. பின்னு வளையாம பாத்துக்கோ. திங்கக்கெழம காலைல குடுத்துடு, ஒருத்தரு வாங்க வர்றாரு."

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். என் யுபிஎஸ் பேட்டரியோ, மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்த பேட்டரி. லோடு குறையட்டும் என்று ஷாகுல் சீலிங் ஃபேனை நிறுத்தச் சொன்னார். அதனால் ஒரு லாபமும் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் நிறுத்தினேன். வியர்த்து வழிய இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்தது. புது சிப்பை மாட்டியதும் டிஸ்பிளே வந்தது. ஷாகுல் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பம்மல் போனார்.

ரிசப்ஷன் முடிந்ததும் போன் செய்தார். "ஓடிடுச்சு அக்கா. பொண்ணோட அம்மா இன்னொரு தடவ போடச் சொன்னாங்க."

திங்கட்கிழமை சிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதை வாங்க வந்தவர் அங்கே இருந்தார். "இவங்களுக்குப் புது மாடல் பத்தி எல்லாம் தெரியும் சார்" என்று தனபால் அண்ணன் என்னைக் கோத்துவிட்டார்.

"மேடம், அடுத்தது வருதாமே. வெயிட் பண்ணலாமா?"

கோர், சிப்செட் எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டன. விழுங்கிக்கொண்டேன்.

"சிஸ்டம் எப்ப வேணும் சார்?"

"நாளைக்கே. கடையில பில்லிங் நிக்குது."

"அப்ப இதையே வாங்கிக்குங்க."

இப்போது என் கடைக்கு வருகிறவரிடம் முதலில் கேட்பது, வேலை என்றைக்கு என்பதைத்தான். வரப்போகும் சிப்பைப் பற்றிய சொற்பொழிவு அதற்குப் பிறகு. அதை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள்.