தகரத்தில் காய்ந்த நெல்

அரிசியில் துத்தநாகத்தைக் கூட்டுவது என் வேலை. மாவாகவோ மாத்திரையாகவோ கலப்பதில்லை. நெற்பயிரே மண்ணிலிருந்து கூடுதலாக எடுத்து மணியில் சேர்த்து வைக்கும்படி, ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து ஒட்டுக்கட்டிப் பார்ப்போம். உறவினர்கள் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். பாதியிலேயே, "அப்ப சோறு கறுப்பா இருக்குமா?" என்பார்கள். இருக்காது.

மூன்று ஆண்டுகளில் பல ஒட்டுகள் கழிந்துபோயின. சில காற்றில் சாய்ந்தன, சில குலைநோயில் போயின, சில நன்றாக விளைந்தும் மணியில் ஒன்றுமில்லை. மிஞ்சியது பத்தொன்பதாம் எண். அதன் இலையைச் சோதித்ததில் நாங்கள் தேடிய மரபணு இருந்தது. மணியிலும் துத்தநாகம் இருந்தால் அடுத்த பருவம் விவசாயிகளின் வயலுக்குப் போகும். இல்லையென்றால் விதை குளிர் அறைக்குப் போகும், பிறகு யாரும் அதைத் தேடப்போவதில்லை.

மாசியில் மணியின் ஆய்வு முடிவு வந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஆய்வை நடத்தும் எங்கள் சார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் தேர்வு அறிக்கையை முடிக்கச் சொன்னார்.

அறுவடைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எதில் காய்ந்தது" என்ற கட்டம் பத்தொன்பதுக்கு மட்டும் காலியாக இருந்தது. அது மற்றவற்றைவிடப் பத்து நாள் பிந்தி முற்றிய நெல். தை மாத மழை வருவதற்கு முதல் நாள் அளவெடுப்பதற்காகச் சில கதிர்களை மட்டும் அறுத்துத் தாளுறையில் போட்டுவிட்டு, காய்ச்சலோடு தஞ்சாவூருக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மிச்சத்தை அறுத்தது வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. மேலே எல்லாக் கட்டங்களிலும் "துணி" என்று இருந்தது. இதிலும் அப்படியே எழுதியிருக்கலாம். காலிக் கட்டத்தை ஊகத்தால் நிரப்ப எனக்கு வராது. பூதலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சோதனை வயலுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மழையில பத்தொன்பத எதுல காயப்போட்டீங்க?"

"ஏன், முளைச்சிடுச்சா?"

"இல்லக்கா, நோட்டுல எழுதணும்."

"துணியெல்லாம் சொதசொதன்னு ஆயிடுச்சு பாப்பா. மோட்டார் கொட்டகைக்கு வாங்கின தகரம் புதுசா ரெண்டு மிஞ்சிக் கெடந்துச்சுல்ல, ஒண்ணுல பரப்பி இன்னொண்ணால மூடி வெச்சேன். மூணு நாளு. ஒரு மணி முளைக்க விடலையே."

பெருமையாகத்தான் சொன்னார். துருப்பிடிக்காமல் இருக்கப் புதுத் தகரத்தின் மேல் பூசுவதே துத்தநாகம்தான். ஈர நெல் மூன்று நாள் அதில் கிடந்திருக்கிறது. வெளியிலிருந்து துத்தநாகம் மணியில் ஒட்டிவிடாமல் இருக்க, சாமான்கள் வைக்கும் அறைச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: தகரத் தட்டு கூடாது, இரும்புச் சல்லடை கூடாது, பவுடர் போட்ட கையுறை கூடாது. நெல் காயப்போடும் கூரைத் தகரம் அதில் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்.

"தகரத்துலயே அந்தச் சத்து இருக்கா? அப்புறம் எதுக்கு என்னை மூணு வருஷம் சேத்துல நிக்க வெச்ச? அதக் கழுவி ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்திருக்கலாம்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னாலதான் கெட்டுச்சா?"

"இல்லக்கா. என் பட்டியல்ல அது இல்ல."

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?"

"யாராவது நம்பி நடுவாங்கக்கா."

அவர் மறுபடி குனிந்து செடி பிடுங்கினார்.

சாரிடம் அன்றைக்கே சொன்னேன். டீ குடித்த தம்ளர்கள் இன்னும் மேசையில் இருந்தன. பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"நனையாத நெல்லு ஏதாவது இருக்காம்மா?"

தாளுறைக் கதிர்கள் இருந்தன. அவற்றை இயந்திரத்தில் கொடுக்கப் பயந்து, ஒவ்வொரு மணியாகக் கையால் உமி நீக்கினேன். இரண்டு நாளாயிற்று. நக இடுக்கெல்லாம் எரிந்தது. மணிகளைப் பிளாஸ்டிக் குப்பியில் போட்டு ஆய்வுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அந்த நாட்களில் புதிதாக எதையும் தொடங்கவில்லை, பழைய விதைப் பைகளுக்குச் சீட்டு மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. கடையில் வாங்கும் அரிசியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இலையில் மரபணு இருந்தது, மணிக்கு அது பெரிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, சாருக்கும் தெரியவில்லை. காலிக் கட்டத்தில் "புதுத் தகரம், மழை, மூன்று நாள்" என்று எழுதி, முதல் முடிவைச் சிவப்பு மையால் அடித்தேன். பத்தொன்பதின் விதையைக் குளிர் அறையில் கீழ்த்தட்டில் வைத்தேன்.

ஆனியில் குறுவைப் பருவத்துக்குப் புது ஒட்டுகளை நாற்றுவிட்டோம். எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து. குச்சிகளில் சீட்டு கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இதுல எது தேறும் பாப்பா?"

"தெரியலக்கா."

"அது போவட்டும். குறுவை அறுக்கையில மழை வரும். துணி நனைஞ்சா எதுல போடணும்? அத இப்பவே சொல்லு."

பட்டியலில் தகரத்தைச் சேர்த்திருந்தேன். அவர் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. நோட்டைத் திறந்து கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டேன்.