முதல் மணிக்கு வராதவள்

எங்கள் கணித வகுப்பறையின் கடைசி ஜன்னலுக்குக் கம்பி மட்டும்தான் உண்டு, கதவு கிடையாது. அந்த ஜன்னலின் அடிக்கட்டையில் நோட்டை விரித்து, வராந்தாவில் நின்றபடியே ஒருத்தி பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். தோளில் மாட்டிய பையைக் கீழே இறக்கக்கூட மாட்டாள். ஒரு நாள் பேராசிரியர் கணக்கைப் பாதியில் நிறுத்தி, அடுத்த படி என்ன என்று எங்களைக் கேட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தோம். அவர் மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். வெளியிலிருந்து பதில் வந்தது. "வெரி குட்" என்று சொல்லி அதை அப்படியே பலகையில் எழுதினார். அன்றைய வருகைப் பதிவில் அவளுக்கு ஆப்சென்ட். பதில் சொன்னவளுக்கு ஆப்சென்ட், பேனா மூடியைக் கடித்த எங்களுக்கெல்லாம் பிரசென்ட். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

அவளை நாங்கள் பேரையூர்க்காரி என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் பேரையூரில் இறங்கி இன்னும் உள்ளே போக வேண்டும், பருத்தியும் சோளமும் போடுகிற ஒரு சின்ன ஊர். எங்கள் கல்லூரியோ திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, திருநகர் போகிற வழியில் இருந்தது. எனக்கு வீடு திருநகரில். அலாரத்தை இரண்டு முறை அணைத்துவிட்டு எழுந்தாலும் ஸ்கூட்டியில் பறந்துபோய் "எஸ் சார்" சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னே தலையைச் சாய்த்துத் தூங்கியும் இருக்கிறேன். என் வருகைச் சதவீதத்தைப் பார்த்து என் அம்மா பக்கத்து வீடுகளில் பெருமை பேசியிருக்கிறாள். பேரையூர்க்காரி விடியும் முன்பே கிளம்பி, திருமங்கலத்தில் பஸ் மாறி, இறங்கி ஓடிவந்து சேரும்போது பல நாள் கல்லூரியில் முதல் மணி ஆரம்பித்திருக்கும்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் மணியில் பெயர் கூப்பிடும்போது இல்லாதவர்கள் அந்த முற்பகல் முழுவதற்கும் இல்லாதவர்கள். பிறகு வந்து எல்லா வகுப்பிலும் உட்கார்ந்தாலும் அரைநாள் போனது போனதுதான். தாமதமாக வந்தவர்களை இரண்டாம் மணி வரை உள்ளே விடவும் மாட்டார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தைக் கேண்டீனில் போக்குவார்கள். அவள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

"முன்னாடி பஸ்ஸுல வரக்கூடாதாடி?" என்று ஒரு முறை கேட்டேன். டிக்கெட் எடுக்கிற பஸ் ஒன்று சீக்கிரமே உண்டு. முதல் சில வாரம் அதில்தான் வந்தாள். பிறகு பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்த சாதாரண பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். அது ஒவ்வொரு ஊர் விலக்கிலும் நின்று, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஆடி அசைந்து வரும். அவள் தன் அப்பாவை அய்யா என்றுதான் சொல்வாள்.

"எங்கய்யா கேக்குறாருடி. சும்மா ஏத்திட்டுப் போற பஸ்ஸு இருக்கையில எதுக்குத் தாயி காசக் குடுக்கணும்ங்குறாரு. அவரு சொல்றதும் நெசந்தான?"

நிஜம்தான். அரசாங்கம் கொடுத்தது நல்ல சலுகை. அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிவந்த அறக்கட்டளை செய்ததும் நல்ல காரியம். இரண்டு நல்லதும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டபோது நடுவில் அவள் மாட்டினாள். எந்த நல்லதும் அவளுக்காக ஓரங்குலம் நகர்ந்துகொடுக்கவில்லை.

அறக்கட்டளை நகரத்து வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தியது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் கட்டும். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் 'கல்வி முன்னேற்ற விதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாப் பாடத்திலும் முதல் முறையிலேயே தேற வேண்டும், வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறையக்கூடாது. முதலாவதில் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுடையதுதான். நான் பாஸான கதையே அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான். இரண்டாவதில் பஸ் பிந்துகிற நாளெல்லாம் அரைநாள் கழிந்துகொண்டே வந்தது.

அப்படியும் தட்டுத் தடுமாறி விதியைத் தொட்டிருப்பாள். அறக்கட்டளையின் ஆண்டு விழா வந்து கெடுத்தது. உதவி பெறும் மாணவிகள் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் மண்டப வாசலில் நிற்க வேண்டும். சிலர் கையில் சந்தனக் கிண்ணம், சிலர் கையில் பன்னீர்ச் செம்பு. வருகிற பெரியவர்களை வரவேற்பதற்கு ஒத்திகை வேறு. எந்தக் காலை முதலில் வைப்பது, எவ்வளவு குனிவது என்றெல்லாம் ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்தாராம். விழா வேலைக்காகப் போன மாணவிகளுக்கு வருகை கொடுக்கச் சொல்லி அறக்கட்டளையிலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அனுப்ப மறந்துவிட்டார்கள். அந்த நாட்களும் ஆப்சென்ட் ஆயின. அவர்களுடைய வாசலில் அவர்களுக்காகக் கால் கடுக்க நின்ற நாட்களை, பிறகு அவர்களே எடுத்து அவளுக்கு எதிராக நீட்டினார்கள்.

பருவத் தேர்வுக்கு முன்னால் எங்கள் துறைத் தலைவர் மேடம் அவளைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். மேடம் நல்ல மனுஷி. வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியை எத்தனையோ நாள் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

"உனக்கு வருகை பத்தலம்மா. இப்படியே விட்டா பரீட்சையே எழுத முடியாது. ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்துரு. எல்லாரும் அதத்தான் செய்றாங்க."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் செய்யலியே மேடம். தெனமும் வந்தேன்ல?"

"எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

"சீக்குன்னு எழுதிக் குடுத்தா, நான் வரலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரீட்சை எழுதணுமா, வேணாமா?" என்றார். வருகை குறைந்தால் சர்ட்டிபிகேட் கொடுப்பது எங்கள் கல்லூரியில் பஸ் பாஸ் வாங்குவதுபோலச் சாதாரணமான காரியம். யாரும் அதைப் பொய் என்றே நினைப்பதில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். நாங்கள் போனபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை. எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னோம். "இம்புட்டு நாளுக்குக் காய்ச்சல் தாங்காது. மஞ்சக்காமாலைதான் சரியா வரும்" என்று எழுதி, அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். படி இறங்கும்போது நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "ஒரு கீழாநெல்லி கூடத் திங்காம எனக்கு நல்லாயிருச்சுடி" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

தேர்வு எழுதினாள். அந்த முறையும் அவள்தான் முதல். உதவியைப் புதுப்பிக்க அறக்கட்டளையிலிருந்து நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். அதற்கும் நான் துணைக்குப் போனேன். மாசி வீதிப் பக்கம் ஒரு கடையின் மாடியில் அலுவலகம். செயலாளர் நெற்றி நிறைய விபூதியோடு, கைகூப்பி "உக்காருங்கம்மா" என்று சொல்லுகிற மனிதர். கத்தவில்லை, திட்டவில்லை. கல்லூரி அனுப்பிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மதிப்பெண்ணைப் பார்த்து முகம் மலர்ந்தார். அடுத்த தாளைப் பார்த்ததும் "அடடா" என்றார்.

"மஞ்சக்காமாலையாம்மா? இம்புட்டு நாளா? மொதல்ல உடம்பத் தேத்துங்க. படிப்பு எங்க போயிரப் போகுது?"

"எனக்குக் காமாலையே வரல சார். தெனமும் காலேஜுக்கு வந்தேன். பஸ்ஸு பிந்திரும், அதான்."

"அப்ப இதுல பொய்யா கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றால் பொய்க்காரி, இல்லை என்றால் வராதவள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதுதான் உண்மை. அதைச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர், வருத்தமாகவே. "உங்களுக்குத் தளத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"சார், விழாவுல உங்க மேல பன்னீர் தெளிச்சது நாந்தான்" என்றாள் அவள். "அன்னைக்கும் எனக்கு ஆப்சென்ட்டுதான் போட்டிருக்காங்க."

அவர் தாள்களை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினார். பிறகு, அது கல்லூரி விஷயம், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப முன்னேற்றம்னா என்னா சார்? முதல் மார்க் வாங்குறது முன்னேற்றம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். நான் யார் என்று விசாரித்தார். துணைக்கு வந்தவள் என்றேன். துணைக்கு வந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார். இருந்தேன்.

இத்தனை வருடத்தில் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர், விதி என்று ஒன்று வேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான். படிக்காமல் ஊர்சுற்றுகிறவனுக்கு யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விதி எழுதியவர்களில் ஒருவராவது ஒரு நாள் காலையில் அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து பார்த்திருக்கலாம். கல்லூரியாவது பெயர் கூப்பிடுவதை அந்த மணியின் முடிவில் வைத்திருக்கலாம். யாருக்கும் பைசா செலவில்லை. செய்யவில்லை, ஏனென்றால் செய்யாததால் அவர்களில் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. இதில் கெட்டவன் என்று விரல் நீட்ட ஒருவர்கூடக் கிடைக்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

உதவி நின்றதோடு போயிருந்தால்கூட அவள் படித்திருப்பாள். கட்டணத்தைத் தானே கட்டுவதாக மேடம் சொன்னார். உறுத்தியிருக்கும் போல. ஆனால் அதற்குள் அறக்கட்டளையின் கடிதம் ஊருக்குப் போய்விட்டது. வருகை போதாததால் உதவி நிறுத்தப்படுகிறது என்று அதில் இருந்தது. அடுத்த வாரமே அவள் அய்யா கல்லூரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறையத் தட்டாம்பயறு. பையை மேடத்தின் மேசை மேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். டி.சி. வேண்டும் என்றார். மேடம் தான் கட்டுவதாகச் சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"காசுக்காக இல்ல தாயி. எம்பிள்ளைக்குச் சீக்கு எதுவும் வரல, அது எனக்குத் தெரியும். தெனமும் இருட்டோட கெளம்பி வந்துருவா, அதுவும் தெரியும். நீங்க பாதி நாள் வரலங்குறீக. அம்புட்டு நாளும் எம்பிள்ள எங்க போனா?"

பேரையூர்க்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்வியை அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்டிருக்கிறார், அவள் சொன்ன பதிலை நம்பவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"இங்கதான் இருந்தா அப்பா. எங்க கிளாஸ் ஜன்னல்ல நின்னு பாடம் எழுதுனா. நான் தெனமும் பாத்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலேசுக்கு வந்த பிள்ள எதுக்குத் தாயி ஜன்னல்ல நிக்கணும்?" என்றார்.

உலகத்திலேயே நியாயமான கேள்வி அது. ஜன்னலைக் காட்டலாம் என்று கூப்பிட்டேன், வரவில்லை. சிநேகிதிக்காகச் சிநேகிதி சொல்லுகிற சமாதானம் என்று நினைத்திருப்பார். கல்லூரி முத்திரை போட்ட தாளுக்கு எதிரே என் சொல் எம்மாத்திரம். டி.சி.யை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, மகளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார்.

நான் படிப்பை முடித்து, இப்போது திருநகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். காலையில் பெயர் கூப்பிடும்போது வாசலில் மூச்சிரைக்க யாராவது வந்து நின்றால் பேனாவை எடுக்காமல் காத்திருப்பேன். அதற்காகத் தலைமையாசிரியரிடம் திட்டும் வாங்குகிறேன். பேரையூர்க்காரி தன் ஊருக்குப் பக்கத்து நூல் மில்லில் வேலை செய்கிறாள். எப்போதாவது பேசிக்கொள்வோம். போன மாதம் பேசியபோது, வேலைக்கு எப்படிப் போகிறாய், அதே பஸ்தானா என்று கேட்டேன்.

"பஸ்ஸா? மில்லு வேன் எங்க தெரு முக்குக்கே வந்துரும்டி. கொஞ்சம் பிந்துனாலும் ஆரன் அடிச்சுக்கிட்டு நிப்பான். நான் ஏறாம வண்டிய எடுக்கவே மாட்டான்" என்றவள், "எனக்காக நிக்கிறாங்கடி" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.