இரவல் போன மேளம்

தப்பு மேளம் ஒன்றுக்குப் பார்கோடு ஒட்டியவள் இந்த மலைநாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒட்டியது இரண்டு அங்குல ஸ்டிக்கர். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பஸ் ஏறி இறங்கினேன்.

ஹட்டனுக்கு மேலே, தேயிலைச் சரிவு ஒன்றில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அதன் நூலகத்தில் கணினி சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு. டிப்ளோமா முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது மரப்பெட்டி அட்டைகளிலும் நூலகர் மேடத்தின் தலைக்குள்ளும் மட்டுமே இருந்தது. அட்டைகளை ஒரு வருடத்தில் கணினியில் ஏற்றிவிட்டேன். மேடத்தின் தலைதான் சிரமம் கொடுத்தது. "ஞாபகத்த நம்பாதீங்க மேடம், ஸ்கிரீன நம்புங்க" என்று இரண்டு வருடம் விடாமல் சொன்னேன். கடைசியில் நம்பினார். அதுதான் வினையாகப் போனது.

எங்கள் நூலகத்துக்கு வானிலையைப் பொறுத்துத்தான் ஆள் வரும். ஏப்ரலில் நுவரெலியா முழுக்கச் சனமாக இருக்கும். எங்களிடம் ஈ காக்கை இருக்காது. ஆனியில் மழை பிடித்துவிட்டால் எல்லோருக்கும் திடீரென்று படிப்பில் ஆசை வந்துவிடும். போட்டோகொப்பி இயந்திரத்தின் பக்கம் கொஞ்சம் சூடு வரும் என்பதால் அங்கே மட்டும் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள், கையில் கொப்பி எடுக்க ஒரு தாளும் இல்லாமல். ஐப்பசியில் வாசிப்பு மாதம், கவிதைப் போட்டி, நடுவர்களுக்குத் தேநீரோடு பட்டிஸ். மாசியில் கண்காட்சி.

அந்த வருடக் கண்காட்சிக்கு 'எங்கள் வீட்டுச் சாமான்' என்று தலைப்பு வைத்தோம். மாணவர்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பழைய பொருட்களைக் கொண்டுவந்து அடுக்க வேண்டும். பக்கத்தில் அந்தப் பொருளோடு தொடர்புள்ள புத்தகம் ஒன்று இருக்கும். நான் வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டேன். முப்பத்தொரு வேலை. பட்டியலைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேலையைச் செய்துவிட்டு 'சரி' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யப்போகிற வேலைக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன். இன்னும் ஐந்து நிமிடத்தில் செய்யத்தானே போகிறோம் என்று ஒரு தைரியம்.

இருபத்துமூன்றாவது வேலை: 'பொருட்களின் வகையை மாற்று'. எங்கள் மென்பொருளில் எதைப் பதிந்து பார்கோடு ஒட்டினாலும் அது முதலில் 'இரவல் நூல், பதினான்கு நாள்' என்றுதான் விழும். காட்சிப் பொருள் என்று ஒரு வகையை நான்தான் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்கு நேராகப் பேனாவை வைத்து ஒரு 'சரி' போட்டேன். அதே நேரம் பிளேன்டீ வந்தது. குடித்தேன். இருபத்துநான்காவது வேலைக்குப் போய்விட்டேன்.

கண்காட்சியில் எல்லோர் கண்ணும் போனது மாமாவின் மேளத்தின் மேல்தான். மாமா என் அம்மாவின் தம்பி. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், எங்கள் லயத்திலேயே மூன்றாவது வீடு. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கூத்துக்காகக் கம்பம் நடுவார்கள். நடும்போது முதல் அடி அடிப்பவர் மாமா. அதுவும் அந்த மேளத்தில்தான். வேறு ஒன்றைக் கையாலும் தொடமாட்டார். அதை வாங்க நான் நான்கு நாள் கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்கு எந்தோள்ல இருக்கணும் புள்ள. கீழ் டிவிசன்காரரு புது மேளம் வாங்கிப் போட்டுக்கிட்டு, எப்படா எனக்குக் கை வலிக்கும்னு பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு நிமிசம் பிந்துனாலும் மொத அடி அவருக்குப் போயிரும். அப்புறம் எனக்குத் திரும்பி வராது."

"எழுதிக்கிட்டேன் மாமா."

"எழுதாத. கொண்டா."

வெள்ளிக்கிழமை கண்காட்சியின் கடைசி நாள். என்னை ஒரு பயிற்சிக்கு நுவரெலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கவுண்டரில் மேடம் மட்டும். சனிக்கிழமை காலை சாமான்களைக் கட்ட வந்தேன். மேசைகளில் அங்கங்கே வெற்றிடம். கொழுந்துக் கூடை இல்லை. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு இல்லை. அம்மி இல்லை, அம்மி! மேளம் இருந்த இடத்தில் அதற்காக நான் அச்சடித்து வைத்த விளக்கம் மட்டும் அழகாக நின்றது.

"மேடம், களவு போயிருச்சு!"

மேடம் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "களவெல்லாம் போகலம்மா. புள்ளைங்க இரவல் கேட்டாங்க. ஸ்கேன் பண்ணேன். ஸ்கிரீன்ல 'வழங்கலாம்'னு பச்சையா வந்துச்சு. வழங்கிட்டேன்."

"அம்மியையா மேடம்?"

"ஹாஸ்டல் புள்ளைங்க ரெண்டு பேரு. சம்பல் அரைக்கணுமாம். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா நீதானே சொன்ன, ஸ்கிரீன நம்புங்கன்னு."

"தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி?"

"அதக் குடுக்கல. அது உசாத்துணை, இங்கயே உக்காந்துதான் பாக்கணும்னு சொல்லிட்டேன்."

இதைச் சொல்லும்போதுதான் பத்திரிகை லேசாகக் குலுங்கியது. மேடம் அதற்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது; பயம் இருக்கும்போது வருகிற, நிறுத்தத் தெரியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே கணினியில் தேடினேன். போனவை ஐந்து. நான்கு ஹாஸ்டலிலேயே இருந்தன. ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டன. அம்மியைச் சம்பல் வாசனையோடு நாங்கள் மூன்று பேர் தூக்கி வந்தோம். மேளம் மட்டும் வெள்ளிக்கிழமை மாலையே ஊருக்குப் போயிருந்தது. எடுத்தவள் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி. அக்கரப்பத்தனைக்காரி. கல்லூரியிலேயே தவணைத் தேதியை ஒருநாளும் தவறவிடாதவள் என்று நாங்கள் பலகையில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தோம்.

பதினோராவது முறை போன் கிடைத்தது.

"மிஸ்! சொல்லுங்க மிஸ்! கோயில் மேட்டுக்கு வந்தாத்தான் சிக்னலு."

"அந்த மேளம்..."

"பத்திரமா இருக்கு மிஸ். இன்னும் பதிமூணு நாள் இருக்கே?"

நான் முன்கூட்டியே போட்ட 'சரி' வரை விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவள் சொன்னாள்: அவர்கள் தோட்டம் சின்னது, மேளம் ஒன்றுதான். புதன்கிழமை தோல் இறுகுவதற்காக நெருப்பில் காய்ச்சும்போது அது கிழிந்துவிட்டது. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைதான் கம்பம் நடுகிறார்கள்.

"எங்களுக்கு நேரம் பகல் பதினொண்ணு மிஸ். நட்டு முடிஞ்ச ஒடனே நானே தூக்கிக்கிட்டு வர்றேன். இப்பக் கேக்காதீங்க மிஸ். எங்க தோட்டத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு, லைப்ரரியிலருந்து வந்திருக்குன்னு."

அதிலிருந்த பெருமையைக் கேட்டபின் மேளத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டரை பஸ்ஸில் தலவாக்கலை, அங்கிருந்து ஹட்டன், நாலரை பஸ்ஸில் நோட்டன், அதன்பின் இருபது நிமிடம் ஏற்றம். ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடலாம், எங்கேயும் எதுவும் பிசகாவிட்டால். அவளை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நானும் வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை மாலை மாமா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேளம் எங்க புள்ள?"

"நாளைக்கு வந்துரும் மாமா."

"வந்துரும்னா? தனியா பஸ் ஏறி வருதா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் விடியலில் கிளம்பி, அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. மைதானத்தில் சனம் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு நாற்காலி வந்தது, சோடா வந்தது. 'மேளத்து மிஸ்' என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். நடுவில் மாமாவின் மேளம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றது என் நட்சத்திர மாணவிதான். வழக்கமாக அடிக்கிற அவளுடைய அப்பா கை சுளுக்கிக் கட்டோடு பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, அவசரப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் மெதுவாக அடிக்கவில்லை. நூலகத்தில் நாற்காலியைக்கூடச் சத்தமில்லாமல் இழுக்கிற பெண், சிண்டுக் குச்சியும் அடிக்குச்சியுமாக அந்த மலையை எழுப்பினாள். கம்பம் குழியில் இறங்கியது. எனக்குத் தெரியாமலே என் கால் ஆடியது. கையில் சோடா போத்தல் இருந்ததால் என் சட்டையெல்லாம் சோடா.

"மிஸ், ஒங்களுக்கு ஆட வருது!" என்றாள், மூச்சு வாங்க.

"நேரத்தப் பாரு. பன்னெண்டு இருபது."

ஓடினோம். பன்னிரண்டரை பஸ்ஸின் படியைப் பிடித்தபோது அவள் அப்பா பின்னாலேயே ஓடி வந்து இரண்டு பொதிச் சோறு எறிந்தார். ஒன்றைக் கொண்டக்டர் பிடித்தார். தலவாக்கலை வரை பிசகில்லை. ஹட்டனில் நாலரை பஸ் நாலே முக்காலுக்கும் கிளம்பவில்லை. டிரைவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நான் ஐந்து முறை மணிக்கூட்டைப் பார்த்தேன். பட்டியலில் கடைசி வரி: 'மேளம், மாமா தோளில், ஆறு மணி'. பேனா கையில் இருந்தது. முன்கூட்டியே ஒரு 'சரி' போட்டுவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றியது. மாணவி எட்டிப் பார்த்தாள்.

"போட்டுறாதீங்க மிஸ். அப்படித்தானே இது இரவலுக்கே வந்துச்சு?"

பேனாவை மூடினேன்.

பஸ் கிளம்பியதும் கொண்டக்டர் மேளத்தைப் பார்த்தார். இதற்கும் டிக்கட் போடவா என்று சிங்களத்தில் கேட்டார். இது நூலகப் புத்தகம், கையில் கொண்டுபோகலாம் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவர் பார்கோடைக் குனிந்து பார்த்தார். நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. "நங்கி, டிக்கக் கஹன்னகோ" என்றார் அவளிடம், கொஞ்சம் அடித்துக் காட்டச் சொல்லி. அவள் என்னைப் பார்த்தாள். நான் டிரைவரிடம் போனேன். ஆறு மணிக்குள் நோட்டனுக்கு மேலே இது போய்ச் சேராவிட்டால் என் மாமாவுக்கு மரியாதை போய்விடும் என்றேன். டிரைவர் சொன்னார், அவள் அடித்தால் அவர் மிதிப்பாராம்.

அடித்தாள். மிதித்தார். பின் சீட்டில் மரக்கறி மூட்டையோடு இருந்த அம்மா எழுந்து ஆடினார். வளைவு வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, மேளம் நிற்காமல், சிரித்து, மறுபடி நிமிர்ந்தோம். வழக்கமாக எனக்கு அந்தப் பாதையில் தலை சுற்றும். அன்றும் சுற்றியது, ஆனால் வாந்தி வரவில்லை, பாட்டு வந்தது.

ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டிருந்தது. ஆறுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குள் விழுந்தடித்துக்கொண்டு வந்தோம். மாமா வெறும் தோளோடு நின்றார். மேளம் கையில் இல்லை என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கீழ் டிவிசன்காரர் புது மேளத்தைக் காய்ச்சி முடித்து, வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாமா மேளத்தை வாங்கினார். தோலைத் தட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "தோலு விறைப்பா இருக்கே. யாரு அடிச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னே வந்தாள். "நாந்தாங்க மாமா. எங்க தோட்டத்துல கம்பம் நட்டோம். பஸ்லயும் அடிச்சேன்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டத்தின் உள்பக்கம் ஒட்டியிருந்த பார்கோடைப் பார்த்தார். நெருப்பில் வாட்டியதில் அதன் ஒரு மூலை சுருண்டிருந்தது.

"இது என்னா புள்ள, மாட்டுக்கு நம்பர் போட்ட மாதிரி?"

"பதிவிலக்கம் மாமா. பிச்சுறவா?"

"வேணாம், இருக்கட்டும். காணாமப் போனா எவனாச்சும் லைப்ரரிக்குக் கொண்டாந்து குடுப்பான்." அவளிடம் திரும்பினார். "நல்லாத்தான் காய்ச்சியிருக்க. மொத அடி நாந்தான். ஆனா நீ தூரப் போயிறாத. எனக்குக் கை வலிச்சா அந்தாளு வந்துருவாரு."

கீழ் டிவிசன்காரர், "கேட்டுக்கிட்டுத்தான்யா இருக்கேன்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பத்தைத் தூக்கினார்கள். மாமா குச்சியை ஓங்கினார். நான் பட்டியலை எடுத்து, பேனாவைத் திறந்து, காத்திருந்தேன். முதல் அடி விழுந்தது. விழுந்த பிறகுதான் 'சரி' போட்டேன். அதற்குள் என் கால்கள் ஆடத் தொடங்கியிருந்தன. கோடு தாளைத் தாண்டி உள்ளங்கை வரை வந்துவிட்டது. திங்கட்கிழமை, மேளம் போய்ச் சேர்ந்ததா என்று மேடம் கேட்டபோது அந்தக் கையைத்தான் காட்டினேன்.