வேலிக்கரையில் ஒன்று

விசுவமடு விமலேஸ்வரியின் கண்ணுக்கு மண்ணில் எதுவும் தப்பாது. கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகத் தொடங்கிப் பல வருடமாகிறது. முகத்துக்குக் கவசம் போட்டு, முழந்தாளிட்டு, சின்ன வாரியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே போவாள். பக்கத்தில் யானை நடந்தாலும் திரும்ப மாட்டாள். அப்படிப் பார்க்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வரும்போது அந்தக் கண்ணில் ஒன்றும் மிச்சமிருக்காது. யாரைக் குற்றம் சொல்வது?

புருஷன் கத்தாரில். மகள் யதுர்ஷிகா இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரிதான் தன் வேலைகளுக்கிடையில் ஒரு கண் வைத்துக்கொள்வாள்.

அன்று பின்னேரம் வாசலிலேயே யது அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, வேலிக்கரையில மண்ணுக்குள்ளால ஒண்டு வெளியில வந்திருக்கு. வந்து பாருங்கோவன்."

"ஓம் குஞ்சு, உடுப்பு மாத்திப்போட்டு வாறன்."

மாற்றினாள், சமைத்தாள், கத்தாரிலிருந்து போன் வந்தது, கதைத்தபடியே கண்ணயர்ந்து போனாள். மறுநாளும் பிள்ளை கேட்டது. "நாளைக்குப் பாப்பம்." அதற்கடுத்த நாள் வெறும் "ஓம், ஓம்." பிறகொரு காலை யது ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா, இன்றைக்கு நச்சரிப்பில்லை என்று இவளும் ஸ்கூட்டியை எடுத்தாள். நல்ல தாய்தான், போங்கள்!

அன்று மத்தியானம் சாப்பிட்டு எழும்பும்போது குழுத்தலைவன் பிரதீபன் சொன்னான்: "அக்கா, மழை பெய்து மண் கரைஞ்சிருக்கு. உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் வெளியில தலைகாட்டும். கவனம்."

கவசத்தைத் தூக்கிய கை அப்படியே நின்றது. மண்ணுக்குள்ளால ஒண்டு வெளியில வந்திருக்கு.

"ஐயோ, என்ர பிள்ளை!"

கமலேஸ்வரிக்குப் போன் எடுத்தாள். அடித்தடித்து ஓய்ந்தது. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பிரதீபனிடம் பாதி சொல்லிப் பாதி விழுங்கி, ஸ்கூட்டியில் பாய்ந்தாள். வெடி அகற்றித் துப்புரவாக்கிக் கொடுத்த வீட்டு வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட வளவுகளிலும் எஞ்சிக் கிடந்ததைத் தன் கையாலேயே எடுத்தவள் அவள். எப்படிப் பதறாமல் இருப்பாள்? எத்தனை தரம் கூப்பிட்டது அந்தக் குழந்தை! எந்தத் தரமாவது, அது என்ன நிறம் என்றாவது கேட்டாளா? "வற்றாப்பளை அம்மாளே, அவள் தொட்டிருக்கக் கூடாது" என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

யது வேலிக்கரையில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் வட்டமாக ஈர்க்குகள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றின் நுனியும் சிவப்பு. வெடி கிடக்கிற இடத்துக்கு அடையாளமாகப் போடுகிற அந்தச் சிவப்பைக் கண்டால் எட்டி நிற்பதுதான் விமலேஸ்வரியின் தொழில். பிள்ளையே கண்டுபிடித்து அடையாளமும் போட்டுவிட்டதென்றே நினைத்தாள்.

"யது! அசையாதை! ஒண்டையும் தொடாதை!"

கிட்டப் போய்ப் பிள்ளையை அள்ளித் தூரத்தில் விட்டாள். திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்து, ஈர்க்குகளுக்குள் பார்த்தாள்.

ஒரு பூசணிக் கன்று.

"நான் நட்டது" என்றாள் யது, பயந்து போய். "சிவப்பு வைச்சா ஒருத்தரும் மிதிக்கமாட்டினம் எண்டு நீங்கதானே சொன்னீங்கள். உங்கட நகத்துக்குப் பூசுற கியூடெக்ஸ்தான் பூசினனான். அடிப்பீங்களோ?"

விமலேஸ்வரி எழும்பாமல் கன்றைப் பார்த்தபடியே கிடந்தாள். யது மெல்ல வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"நான் உங்களைக் கூப்பிடேக்க ரெண்டு இலைதான் அம்மா. கொட்டையின்ர கோது தொப்பி மாதிரி மேல ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் காட்ட நினைச்சனான். அது விழுந்திட்டுது."

அந்தக் கோதை இனி எங்கே தேடுவது? சேற்றுக் கையால் பிள்ளையை இழுத்து அணைத்தாள்.

"முதலில இருந்து சொல்லு குஞ்சு. எல்லாத்தையும் சொல்லு."

யது அம்மாவின் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இப்ப அப்பாவின்ர போன் வராதோ?"