ஸலாம் சொன்ன கிற்றார் பெட்டி

அறுகம்பேயில் விடுதி வைத்திருந்தவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கியபோது எனக்குப் பத்து வயது. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய கிற்றார் அம்ப்ளிபயர், உள்ளே கண்ணாடி வால்வுகள். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கல். கல்முனையில் இரண்டு கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்களாம். அதைக் கேட்டதும் வீட்டிலேயே ரேடியோ திருத்தும் வாப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"திருத்தாம விடமாட்டன்," என்றார்.

டோன் குமிழுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர்தான் கூரான சத்தத்தை வடித்து எர்த்துக்கு அனுப்புவது. அது சிறிதானால் குறைவாக வடியும், பெட்டி கணீரென்று பேசும். வாப்பா பழையதைக் கழற்றிச் சிறியதொன்றைப் பற்றவைத்தார். சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டில் கிற்றார் ஏது? மைக்கை என் கையில் தந்து குர்ஆன் ஓதச் சொன்னார்.

"கிற்றார் பெட்டியிலயா ஓதுற?" என்று உம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டா. அப்படியென்றால் ஸலாம் சொல்லு என்றார் வாப்பா. அதற்கு யார் தடை சொல்வது?

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். சைக்கிளில் போன மீன்காரர் பதில் சொன்னார். வேலிக்கு அப்பாலிருந்து மாமி பதில் சொன்னா. வாப்பா மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"'ஸ்' தெளிவா வரல்ல மகள். இன்னொருக்கா சொல்லு."

மூன்று நாள் இதே பாடு. கண்டென்சர் சிறுத்துக்கொண்டே போனது, தெரு பதில் சொல்லியே களைத்தது, வாப்பாவுக்கு மட்டும் 'ஸ்' வரவில்லை. பிழை என் நாக்கில்தான் என்று நம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் அவருடைய மகள், விடுவேனா? கிணற்றடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். நான்காம் நாள் வாப்பா கண்டென்சரையே கழற்றி எறிந்தார். என் எதிரே குந்தி, என் வாயையே பார்த்துக்கொண்டு ஸலாத்தைக் கேட்டார்.

"இப்ப சரி!"

எனக்குப் பெருநாள் வந்ததுபோல் இருந்தது.

அன்று பின்னேரம் விடுதிக்காரர் கிற்றாருடன் வந்து ஒரு தட்டுத் தட்டினார். முகம் சுருங்கிப்போனது. வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார்.

"காக்கா, காது கிழியிது. கொஞ்சம் குறைச்சுத் தாங்க."

"உங்கட காதுலதான் பிழை," என்றார் வாப்பா. கடைசிவரை இறங்கவில்லை. அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எப்போதும் வாப்பாவின் பக்கம் நின்று கதைக்கும் உம்மா அன்று அவருடைய காதையே பார்த்துக்கொண்டு நின்றா. அந்த விடுதிக்காரரை நான் பல வருடங்கள் மன்னிக்கவில்லை.

அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மேசையில் குனிந்திருக்கும் வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஸலாம் சொல்வேன். பதில் வராது. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.