வேதாவின் வில்லை இரண்டாக்கிய அய்யாக்கண்ணு

எங்கள் தொழிற்சாலையின் டூல் ரூமுக்குள் நான் முதல்முறை நுழைந்தது 1986 ஜூனில், வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள். கையில் நானே போட்ட வரைபடம். எங்கள் ஊரில் வரைபடம் போடுகிற அளவுக்குப் படித்த முதல் ஆள் நான். அதனால் அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். மூலை மேசையில் நின்ற நரைத்த பிட்டர் அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு பாகம் இன்னொன்றுக்குள் பொருந்துகிற இடத்தின் அளவில் விரலை வைத்தார்.

"இவ்ளோ இறுக்கம் இன்னாத்துக்கு சார்? கொஞ்சம் விட்டுப் போடுங்க."

"புக்குல அப்படித்தான் இருக்கு."

"புக்குல தூசி இருக்காது சார்."

அவர்தான் அய்யாக்கண்ணு. பக்கத்து லேத்தில் இருந்த அப்துல் ரஹீம் பாய் சிரித்தார். அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை. ஹைதராபாத் சனத்நகரிலேயே இறுக்கமான வேலைக்குப் பேர்போன ஆள் அவர் என்றும், ஒன்றரை வருஷமாக யார் எதைக் கொண்டுவந்தாலும் 'கொஞ்சம் விடுங்க' என்றே சொல்கிறார் என்றும் பிறகு தெரிந்தது. ஏன் என்பதை ரஹீம் பாய் பாதி சொன்னார். மீதியை அய்யாக்கண்ணுவே சொன்னார், ஒரே நாளில் அல்ல.

அய்யாக்கண்ணுவின் அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்குச் செகந்திராபாத் வந்தவர். மகன் 1958-இல் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தார். குகட்பள்ளி ஹவுசிங் போர்டில் இரண்டு அறை வீடு, மனைவி கமலா, ஒரே மகள் வேதா. வேதாவுக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் பாதி தெலுங்குதான் வரும். பத்தாவது படிக்கும்போது பள்ளி மைதானத்தில் நடந்த ஒரு முகாமில் மூங்கில் வில்லைக் கையில் எடுத்தவள், பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. பட்டப்படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. வில் நிற்கவில்லை.

அய்யாக்கண்ணுவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. மாநில அணியில் ஒரு தடவை ஆடிய சான்றிதழ் இருந்தால் தொழிற்சாலையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். வயது இருபத்துநான்குக்குள் இருக்கவேண்டும். 1983 அணித் தேர்வுக்கு அவள் விசாகப்பட்டினம் போகும்போது காஜிப்பேட்டையில் பெட்டி நிரம்பி, யாரோ கதவைச் சாத்தினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த வில்லின் நுனி வாழைத்தண்டு மாதிரி ஒடிந்தது. வேதாவுக்கு அப்போது இருபத்திரண்டு. அடுத்த வருஷத் தேர்வு விஜயவாடாவில். அதுதான் கடைசி.

புது வில் வந்தது. ஐந்தே முக்கால் அடி மூங்கில், நடுவில் கைப்பிடிக்குத் தடித்த கட்டை. ஆறாம் நம்பர் பஸ் கண்டக்டர் அதைப் பார்த்ததுமே கையை ஆட்டி வேதாவை இறக்கிவிட்டார். அன்று சாயங்காலம் அய்யாக்கண்ணு வில்லைக் கட்டிலின் மேல் படுக்கவைத்து, அளவு நாடாவோடு உட்கார்ந்தார்.

"ரெண்டா அறுத்துடலாம். நடுவுல சேர்த்துக்கலாம்."

"அறுக்கிறதா?" கமலா சாம்பார் கரண்டியோடு வந்து நின்றாள். "இப்பத்தான் வந்துது. மனுஷன் கை சும்மா இருக்காதா?"

"முழுசா எடுத்துக்கினு போனா போன வருஷம் மாதிரி ஆவும். பரவால்லியா?"

அறுப்பது என்று முடிவானது. எதைக்கொண்டு சேர்ப்பது என்பதில்தான் மூன்று வாரம் போனது.

முதல் வழியை வேதாவே சொன்னாள். ரயில்வே அணியில் ஆடும் சாவித்ரியின் வில்லுக்கு நடுவில் ஒரு கீல் இருந்தது. மடக்கினால் குடை மாதிரி ஆகிவிடும், விரித்து ஒரு ஊசியைச் செருகினால் வில். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினாள். அய்யாக்கண்ணு அதைக் காதருகே வைத்து ஆட்டினார்.

"கேக்குதா? டக்கு டக்குன்னு."

"நாண் ஏத்தினா ஆடாதுப்பா. நாணே இழுத்துப் பிடிச்சுக்கும்."

"ஆடுறது ஆடுறதுதான். கீல் கதவுக்குப் போடுறது. என் பொண்ணு வில்லுக்குப் போட மாட்டேன்."

"எனக்கு இது போதும்ப்பா. சால்லே."

இரண்டாவது வழி, இரண்டு பாதியையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஓட்டை போட்டு, காதுவைத்த நட்டு இரண்டால் முடுக்குவது. அதை அவரே யோசித்து அவரே தள்ளிவிட்டார். கைப்பிடிதான் வில்லின் முதுகெலும்பு, அதில் ஓட்டை போட்டால் என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும் என்றார்.

மூன்றாவது, குழாய்க்குள் குழாய். ஒரு பாதியின் முனையில் பெரிய ஸ்டீல் குழாய், மறுபாதியின் முனையில் அதற்குள் நுழையும் சின்னது. மரத்தைக் குழாய்க்குள் பசை போட்டு ஒட்டிவிட்டால் மூன்று அங்குலம் செருகியதும் முடிந்தது வேலை. ஓட்டை இல்லை, ஊசி இல்லை, சத்தம் இல்லை.

"ஹவ், ஆமா, குழாய் நல்லதுதான்," என்றார் ரஹீம் பாய், சாப்பாட்டு நேரத்தில். "ஆனா உள்ள கொஞ்சம் லூசா விட்டு, மெல்லிசா தோல் ஒண்ணு ஒட்டிரு."

"தோலா? செருப்பா தைக்கிறேன்?"

"பாப்பா மைதானத்துல செருகப்போவுது அய்யாக்கண்ணு. ஏசி ரூம்ல இல்ல."

"லூசா பண்ண நான் இன்னாத்துக்குப் பாய்? தெருவுல வெல்டிங் கடைக்காரன் பண்ணுவானே."

"நீ பண்றது வில்லா, விமான என்ஜினா?" என்று ரஹீம் பாய் டிபன் பாக்ஸை மூடினார். "நக்கோ, வேணாம் விடு. சொன்னா கேக்கமாட்ட."

இருபத்தாறு வருஷம் தொழிலாளியாக இருந்த மனுஷனுக்கு, தன் கையில் இருப்பதிலேயே பெரியது எதுவோ அதைத்தான் மகளுக்குக் கொடுக்கத் தோன்றும். அய்யாக்கண்ணுவின் கையில் இருந்தது இறுக்கம். பதினோரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு குழாயையும் லேத்தில் பிடித்து, பிறகு கையாலேயே மெருகுப்பொடி கலந்த மசை போட்டுத் தேய்த்து மெருகேற்றினார். முடிந்த அன்று டூல் ரூமே கூடியது. பெரிய குழாயை நிமிர்த்திப் பிடித்து, அடிவாயை உள்ளங்கையால் மூடி, மேலே சின்னதை விட்டார். அது பாதியில் காற்றின்மேல் நின்றது. கையைக் கொஞ்சம் விலக்கினார். புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு மெள்ள இறங்கி அடியில் உட்கார்ந்தது. உருவினால் பொக்கென்று சோடா பாட்டில் திறந்த சத்தம். போர்மன் புருஷோத்தமன் மூன்று தடவை செய்யச்சொல்லிப் பார்த்தார்.

"இதுல தண்ணிகூடப் போவாது அய்யாக்கண்ணு."

அந்த ஒரு வாக்கியத்தை அய்யாக்கண்ணு வீடு வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டே போனார்.

வில்லை அறுத்தார். இரண்டு ட்யூப் கலக்கும் பசையால் ஒட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்தார். வேதா வீட்டு மாடியில் ஒரு வாரம் அதில் எய்தாள். ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. "முழு வில் மாதிரியே இருக்குப்பா," என்றாள். அதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும். செருகுவதற்கு முன்னால் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். டூல் ரூமில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

1984 நவம்பரில் அப்பாவும் மகளும் விஜயவாடா ரயில் ஏறினார்கள். வில் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை, ரயிலில் யாரும் இடிக்கவில்லை. மேல்பலகையில் பையைத் தலைக்கு வைத்து வேதா தூங்கினாள். அய்யாக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காலையில் மைதானத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. புதிதாக மண் கொட்டியிருந்தார்கள். பொடிமண், மாவு மாதிரி. வரிசையில் நிற்க அரைமணி நேரம் இருந்தது. வேதா பையைப் பிரித்தாள், துடைத்தாள், எண்ணெய் விட்டாள். அவள் சின்னக் குழாயைத் தூக்கிக் குறிபார்ப்பதற்குள் ஒரு காற்று வந்து போனது. எண்ணெய்மேல் மண் படிந்ததை அவள் கவனிக்கவில்லை. செருகினாள். ஒரு அங்குலம் போனது, கிரீச்சென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது.

"அப்பா."

அவர் வாங்கி அழுத்தினார். போகவில்லை. இழுத்தார். வரவில்லை. முழங்காலில் வைத்துத் திருகினார். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட விடாமல் அவர் செய்த வேலை, ஒரு சிட்டிகை மண்ணைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"கல்லால தட்டலாமாப்பா?"

"தட்டாத. சூடு காட்டணும். மேல் குழாய் விரிஞ்சு குடுக்கும்."

டூல் ரூமில் எதுவும் சிக்கினால் அதைத்தான் செய்வார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஓடிப்போய்க் கெட்டிலோடு கொதிக்கிற தண்ணீர் வாங்கிவந்தார். குழாயின்மேல் நிதானமாக ஊற்றினார். "இப்ப இழு," என்றார். வேதா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வில் பிரிந்து வந்தது. அவர் முகம் மலர்ந்தது, ஒரு நொடி. வேதாவின் கையில் மூங்கில் பாதி மட்டும் இருந்தது. இரண்டு குழாயும் ஒன்றையொன்று கவ்வியபடியே அவர் பக்கத்தில் இருந்தன. ஸ்டீல் விரியவில்லை. உள்ளே இருந்த பசைதான் சூட்டில் இளகி மரத்தை விட்டுவிட்டது.

விசில் ஊதியது.

சாவித்ரி ஓடிவந்து தன்னிடம் உபரியாக இருந்த வில்லைக் கொடுத்தாள். கனத்த வில். வேதாவின் தோளுக்கு நாலைந்து கிலோ கூடுதல் இழுப்பு. முதல் சுற்றில் தாங்கினாள். இரண்டாவது சுற்றில் நாண் தாடைவரை வராமல் பாதியிலேயே நிற்பது கயிற்றுக்கு வெளியே நின்றவருக்கே தெரிந்தது. நாலு பேரை எடுத்தார்கள். அவள் ஒன்பதாவது.

திரும்பி வரும்போது ரயில் கம்மம் தாண்டியது. அப்போது அவர்தான், "கீலே போட்டிருக்கலாம் இல்ல," என்றார்.

வேதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாவித்ரி வில்லுல அந்த டக்கு டக்கு சத்தம் கேட்டுதே, அது மண்ணு போறதுக்கான இடம்ப்பா. நீ ரொம்ப நல்லாப் பண்ணிட்ட."

அவள் குத்திச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

வீட்டில் கமலா இரண்டு நாள் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் தட்டை வைக்கும்போது, "அவ கீலுன்னு சொன்னாளா இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சோற்றில் கைவைக்காமல் எழுந்தார்.

பொங்கலுக்குள் அவர் இன்னொரு ஜோடி குழாய் செய்தார். உள்ளே தோல் ஒட்டி, போதுமான அளவு விட்டு. மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுச் செருகினாலும் போனது, வந்தது. மரத்தை மறுபடி ஒட்டி, நாண் ஏற்றி, வேதாவின் முன்னால் வைத்தார். அவள் நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னாள். தொடவில்லை. ரஹீம் பாய் ஒருநாள் அதைக் கேட்டார், தன் பேரனுக்கு. அய்யாக்கண்ணு யோசிக்காமல் கொடுத்துவிட்டார்.

1985 மார்ச்சில் வேதாவுக்கு இருபத்துநான்கு முடிந்தது. அதே வருஷம் ஆவணியில் கல்யாணம்.

டூல் ரூமில் அவருடைய மேசையில் நான் இரண்டு வருஷம் வேலை கற்றேன். என்னை விட்டுக்கொடுத்துப் பேசியதே இல்லை, "எங்க இன்ஜினியர்" என்றுதான் மற்றவர்களிடம் சொல்வார். ஆனால் வேதாவுக்குக் கிடைத்திருக்கவேண்டிய அந்த வேலையைப் பற்றி என் எதிரில் அவர் பேசியதும் இல்லை. எங்கள் ஸ்டோர்ஸில் 1987-இல் விளையாட்டு ஒதுக்கீட்டில் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். அன்று அவர் அரைநாள் விடுப்பு எழுதிவிட்டுப் போனார்.

1988 செப்டம்பரில் அய்யாக்கண்ணு ஓய்வுபெற்றார். இப்போது, 1990-இல், கமலாவோடு குகட்பள்ளியில் அதே இரண்டு அறையில் இருக்கிறார். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. வேதா உப்பலில் ஒரு மருந்துக் கம்பெனியில் தினக்கூலிக்கு மாத்திரை அட்டை அடுக்குகிறாள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அப்பாவைப் பார்க்க வருகிறாள்.