சீனியம்மாளின் எதிர்ப்பு மனு

சீனியம்மாள் மனு எழுதியதால் பிச்சாண்டி சந்துக்குள் வராமலே போன சங்கதிகள் மூன்று: ஒரு செல்போன் டவர், ஒரு ஒயின்ஷாப், ஒரு கருவாட்டுக் கிடங்கு. கருவாட்டுக் கிடங்கு விஷயத்தில் மட்டும் அவளுக்கே உள்ளூர வருத்தம் உண்டு. கருவாடு என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் கொள்கை கொள்கைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும் சாலையிலிருந்து உள்ளே வளைகிற சந்து அது. நடுச்சந்தில் அவளுடைய மாவு மில். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. புருஷன் தவசிமுத்து மிஷினைப் பார்த்துக்கொள்வார். இத்தனை வருஷ மில் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியையும் அவர் சீனியம்மாள் பேசும்போது பயன்படுத்துவதில்லை என்று சந்தில் சொல்வார்கள்.

சீனியம்மாளிடம் இரண்டு பேச்சு உண்டு. சாதாரண நாளில், சாதாரணச் சண்டையில், அவள் பேசுவது அசல் மெட்ராஸ் பாஷை. கோபம் உச்சிக்கு ஏறினால் மட்டும் ஊர்ப் பேச்சு வெளியே வரும். ‘இன்னாடா’ என்றால் நின்று பதில் சொல்லலாம், ‘என்னல’ என்றால் ஓடிவிட வேண்டும் என்பது சந்துக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

மில்லுக்கு நேர் எதிரே ஹுமாயூன் பாயின் மாடி வீடு பூட்டிக் கிடந்தது. பாய் காலமான பிறகு அது மகள் ஷாஸியாவுக்கு வந்தது. ஷாஸியா நர்ஸ். கல்யாணமாகிப் பெரம்பூர் போனவள், அங்கே ஒரு வாடகை வீட்டில் மறதி நோய் வந்த பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டதால், வாப்பா வீட்டிலேயே பன்னிரண்டு பேர் தங்குகிற மாதிரி ஓர் இல்லம் தொடங்கலாமென்று ஒரு பெயின்டரோடு வந்தாள். பெயின்டர் சுவரைச் சுரண்ட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் சந்தே மில் வாசலில் நின்றது.

“யக்கா, மெண்டல் ஆஸ்பத்திரி வர்தாம்!” என்றான் ஃப்ளெக்ஸ் கடை ரஞ்சித்.

“மெண்டல் இல்லப்பா, மறதி,” என்று திருத்தினார் ரிட்டயரான ஃப்ளோரன்ஸ் டீச்சர். “ஆனா அதுவும் தண்ணி வழியா பரவும்னு ஒரு வாட்சப்ல வந்துச்சு.”

“எங்க வூட்டுக் கதவு எப்பவும் தொறந்தே கீது. நேரா பூந்து எங்க கட்டில்ல படுத்துக்கினா நான் எங்க படுக்கறது?” என்றான் ரஞ்சித்.

சீனியம்மாளுக்கு வாட்சப்பில் நம்பிக்கை இல்லை. ரஞ்சித்தின் கட்டிலைப் பற்றியும் கவலை இல்லை. அவளுடைய பயம் வேறு. மில்லில் எந்நேரமும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. எது எது என்று தெரியாத ஒருவர் தெருவைத் தாண்டி வந்து கையை வைத்துவிட்டால்? அந்த ஒரு நினைப்போடு அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஏற்கெனவே போட்டதை மறந்து இரண்டாவது முறையும் போட்டிருந்தார். ரஞ்சித் தன் செலவில் பத்தடி ஃப்ளெக்ஸ் அடித்து சந்து முனையில் கட்டினான்: ‘மறக்க மாட்டோம்! மன்னிக்க மாட்டோம்! மறதி இல்லம் வேண்டாம்!’

ஷாஸியா நேராக மில்லுக்கே வந்தாள். “சீனிம்மா, நான் இந்தத் தெருவுல பொறந்தவ. உங்க மில்லுல மாவு வாங்க வந்து மேல எல்லாம் கொட்டிக்கினு போனவ. நீங்களே எனக்கு எதிரா கையெழுத்து வாங்குறீங்களே?”

“உனக்கு எதிரா இன்னா கீது? நீ தங்கமான பொண்ணு. நீ இட்டாற ஆளுங்கதான் வேணாம்னு சொல்றேன்.”

“ஒரு தடவ அவங்கள பாத்துட்டுச் சொல்லுங்க.”

“பாத்தா மன்ஸு எளகிடும். அதனாலதான் பாக்க மாட்டேன்.”

ஷாஸியா விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் வைக்கிறேன், டாக்டரும் வருவார், எல்லோரும் வந்து கேள்வி கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் செய்தி சந்து முனைக்குப் போவதற்குள் டாக்டர் உதிர்ந்துபோய், ‘மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார்’ என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. மேடையில் மூன்று நாற்காலி, ஒரு மேஜை. பத்தே முக்காலுக்கு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு கோப்பு. யாரையும் பார்க்காமல் நடுவழியே நடந்து, மேடையேறி, நடு நாற்காலியில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடமே எழுந்து நின்றது.

“உட்காருங்க, உட்காருங்க,” என்றார் பெரியவர். “மனுதாரர் யாரு?”

அவர் பெயர் பகலவன். எங்கோ ஒரு வட மாவட்டத்தில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷாஸியாவின் பெரம்பூர் வீட்டில் இருந்த நாலு பேரில் ஒருவர். காலையில் ‘மீட்டிங்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார், இறங்க மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அழைத்து வந்த ஷாஸியா, ஆட்டோவின் பின்னால் சிக்கிக்கொண்ட, இல்லத்துக் காகிதங்கள் இருந்த பெட்டியை எடுக்க ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரும் அன்றைக்கு வர முடியாதென்று சொல்லிவிட்டார். இதெல்லாம் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

சீனியம்மாள் மனுவோடு மேடையருகே போனாள்.

“நிக்காதீங்கம்மா. நாற்காலியில உக்காந்து சொல்லுங்க. நின்னுகிட்டு சொன்னா பாதிக் குறை வெளிய வராது.”

சீனியம்மாள் ஒரு கணம் அசந்துவிட்டாள். எத்தனை அலுவலகம், எத்தனை மேஜை! எந்த அதிகாரியும் அவளை உட்காரச் சொன்னதில்லை. கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மனப்பாடமாக வைத்திருந்த மனுவின் முதல் வரி அவளுக்கு மறந்துவிட்டது. ரஞ்சித் முந்திக்கொண்டான்.

“சார், எங்க தெருவுல மறதி கேஸுங்கள கொண்டாந்து வெக்கப் போறாங்க சார். ஒரே பேஜாரு சார்.”

“மறதின்னா எப்படி?”

“பேரு மறந்துடும் சார். வூடு மறந்துடும். துன்னது மறந்துடும். பெத்த புள்ளய பாத்து நீ யாருன்னு கேப்பாங்க சார்.”

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. “அடடா. பாவமே. அப்படியும் ஒரு வியாதியா? அவங்களுக்கு யாரு இருக்கா?”

பெரியவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க வேண்டாம்னா அவங்க எங்க போவாங்க?”

“அது எங்களுக்குத் தெரியாதே சார்,” என்றான் ரஞ்சித்.

“தெரியாம எப்படி மனு குடுத்தீங்க? எழுதிக்குங்க,” என்று ஃப்ளோரன்ஸ் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பதறிப்போய் நோட்டைத் திறந்தார். “மேற்படி நபர்கள் எங்கே போவார்கள் என்பதை மனுதாரர்களே விசாரித்து ஏழு நாளில் அறிக்கை தரவும்.”

அப்போதுதான் பெட்டியோடு மூச்சிரைக்க உள்ளே வந்தாள் ஷாஸியா. “ஐயா...” என்று கையைத் தூக்கினாள்.

“மேடம், உங்க தரப்பு வரும்போது கூப்பிடுறேன். குறுக்க பேசக் கூடாது,” என்றார் பகலவன்.

சந்துக்காரர்களுக்குப் புல்லரித்துவிட்டது. அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும். பணிந்து நின்ற ஷாஸியாவைப் பார்த்து ரஞ்சித் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பெரியவர் எழுந்தார். “பேப்பர்ல பாத்தது போதும். இடத்தைப் பாக்கணும். வாங்க.”

கூட்டம் அவர் பின்னால் கிளம்பியது. முன்னே பகலவன், பக்கத்தில் குடை பிடித்தபடி ரஞ்சித், நோட்டோடு டீச்சர், கடைசியில் பெட்டியோடு ஷாஸியா. வழியில் மின்கம்பத்தருகே நின்று விசாரித்தார். குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்து “இது யாரோட பொறுப்பு?” என்றார். மில் வாசலில் உடைந்து கிடந்த கால்வாய் மூடி மேல் கோபம் வந்துவிட்டது. “இதுல யாராவது விழுந்தா? இன்னைக்கே மாத்தணும்.” ஆறு வருஷமாக சீனியம்மாள் மனு கொடுத்தும் மாறாத மூடி அது. “மாத்திட்றேன் சார்!” என்றான் ரஞ்சித், வேகத்தில், அது தன் வேலையில்லை என்பதையே மறந்து.

ஹுமாயூன் பாய் வீட்டு வாசலுக்கு வந்ததும் பகலவன் நின்றார். வீட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் சீனியம்மாளைப் பார்த்து அதே கனிவோடு கேட்டார்: “மனுதாரர் யாரு?”

“நான்தான் ஐயா. இப்பத்தானே வந்து உக்காந்தேன்.”

“நிக்காதீங்கம்மா. நாற்காலியில உக்காந்து சொல்லுங்க.”

நடுத்தெருவில் நாற்காலி ஏது? சீனியம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். சட்டையின் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. கோப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பழைய காலண்டர் தாள்கள். மெல்லத் திரும்பி ஷாஸியாவைப் பார்த்தாள். ஷாஸியா கண் கலங்க, ஆமாம் என்று தலையசைத்தாள்.

வேறு யாருக்கும் இன்னும் புரியவில்லை. “சொல்லு யக்கா, ஆரம்பத்துலேர்ந்து சொல்லு,” என்று ரஞ்சித் இடித்தான்.

சீனியம்மாள் மனுவைப் பிரித்தாள். ‘வீடு வாசல் மறந்தவர்களை எங்கள் மத்தியில்’ என்று முதல் வரி. இப்போது நன்றாகக் கண்ணில் தெரிந்தது. அந்த வரியை இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

“ஐயா, இந்தக் கால்வாய் மூடி ஆறு வருஷமா ஒடஞ்சு கீது. வயசானவங்க வந்து போற எடம். மாத்திக் குடுக்கணும்.”

“நியாயமான கோரிக்கை,” என்றார் பகலவன். காலண்டர் தாள் ஒன்றில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிறகு ஷாஸியா பக்கம் திரும்பி, “பாப்பா, பசிக்குது. காலையில இட்லி குடுத்தியா?” என்றார்.

சந்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடை பிடித்திருந்த கையை என்ன செய்வது என்று ரஞ்சித்துக்குத் தெரியவில்லை. “அப்ப இவரு ஆபீசர் இல்லியா?” என்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. “தோ பார்ரா, மறதி கேஸ் வேணாம்னு மறதி கேஸு கைலயே மனு குட்த்துக்கினு...”

“என்னல சிரிப்பு?” என்றாள் சீனியம்மாள்.

சந்துக்காரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

“என்னல சிரிக்கே? என்னய உக்கார வச்சு கேட்ட மனுசன்ல அவரு! போயி அந்த ஃப்ளெக்ஸ அவுத்துட்டு வால முதல்ல!”

ரஞ்சித் குடையோடு ஓடினான்.

அதற்காக சீனியம்மாள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. மறுநாளே ஷாஸியாவைக் கூப்பிட்டு நிபந்தனைகள் வைத்தாள். கேட்டுக்கு இரண்டு தாழ்ப்பாள், பகலெல்லாம் வாசலில் ஓர் ஆள். தன் பங்குக்கு மில் பெல்ட்டைச் சுற்றி இரும்பு வலை அடித்தாள். “இத்தன வருஷமா என் கைக்கு ஒரு வலை இல்ல,” என்று தவசிமுத்து அன்றைக்குத்தான் முதல் முறையாக முணுமுணுத்தார். கால்வாய் மூடியை ரஞ்சித்தும் பெயின்டரும் சேர்ந்தே மாற்றினார்கள். ஃப்ளோரன்ஸ் டீச்சர் மட்டும் ஒரு மாதம் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார். பிறகு கேஸ் தீர்ந்துபோனதால் விட்டுவிட்டார்.

இல்லம் திறந்து மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் எதிர்வீட்டு வாசலில் ஒரு பையன் பாக்கெட் கேழ்வரகு மாவைப் பெட்டியோடு இறக்கி வைப்பதை சீனியம்மாள் பார்த்துவிட்டாள். மிஷினை நிறுத்தச் சொல்லவில்லை, செருப்பைப் போடவில்லை. நேராகத் தெருவைத் தாண்டி உள்ளே புகுந்தாள்.

“ஏட்டி ஷாஸியா! எதுத்தாப்புல மில்ல வச்சுக்கிட்டு நான் ஒருத்தி இருக்கேன், பாக்கெட்டு மாவா வாங்குத? யாரு கண்டா அதுல என்ன கலந்திருக்கான்னு!”

ஷாஸியா மாடியில் இருந்தாள். கூடத்தில் ஞானசெல்வி என்ற அம்மாள் மட்டும் பூப்போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தாள். வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவள் எழுந்து வந்து, தலையெல்லாம் மாவு படிந்து, வெறுங்காலோடு கத்திக்கொண்டிருந்த சீனியம்மாளின் கையைப் பிடித்தாள். மெதுவாக இழுத்துப் போய் சோபாவில் உட்கார வைத்தாள்.

“பயப்படாதம்மா. புதுசா வந்தா மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். நானும் கத்தினேன். நல்லாப் பாத்துக்குறாங்க. சாப்பாடு ரொம்ப நல்லாருக்கும்.”

சீனியம்மாளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “என்ன சாப்பாடு?” என்று கேட்டாள்.

ஞானசெல்வி வெகுநேரம் யோசித்தாள். “அதான் ஞாபகம் வரல. இரு, வரும்போது சேந்து பாப்போம்.”

மாடியிலிருந்து ஷாஸியா இறங்கி வந்தபோது இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே மில்லில் ஆளில்லாமல் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. தவசிமுத்து மில் வாசலில் நின்று, சீனியம்மாளை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.